முப்பது கனிப்பொருட்கள் கொண்ட பயிற்சிப் பெட்டி: முதலாண்டுச் செய்முறைக்கு எந்த அளவுக்கு உதவும்?

புவிச்சரிதவியலை அறிமுகப் பாடமாகக் கற்கும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கென விற்கப்படும் கனிப்பொருட் பெட்டி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. பாடசாலைகளுக்கு விஞ்ஞான உபகரணங்கள் விற்கும் கொழும்புக் கடையொன்றில், 18,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலான விலையில் இதை வாங்கினேன். முப்பது மாதிரிகள், மெருகிடாத பீங்கான் தட்டுகள் இரண்டு, ஒரு கண்ணாடித் தகடு, ஓர் உருக்கு ஆணி, ஒரு செப்புத் துண்டு, ஒரு காந்தம், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, துளி துளியாக அமிலம் விடுவதற்கான வெற்றுக் குப்பி, ஆங்கிலக் கையேடு ஆகியவை இதில் அடங்கியுள்ளன. முதலாண்டு மாணவர்களின் செய்முறை வகுப்பில் துணைநிற்பவன் என்ற முறையில், அவர்களுடைய கைகளில் இந்தப் பெட்டி எவ்வாறு பயன்படுகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்த பின்பே இதை எழுதுகிறேன். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று நான்கு மாதிரிகளை மாற்றிக்கொண்டு, நம் நாட்டுக் கனிப்பொருட்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ள ஆயத்தமாக இருப்பவர்களுக்கே அந்தப் பரிந்துரை பொருந்தும்.

இத்தகைய பெட்டியை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்துவது அவசியம். அறிமுகச் செய்முறைப் பாடத்தில் மாணவர் முன் ஒரு கல் வைக்கப்படும். அதன் மேல் எண் மட்டுமே இருக்கும். மிளிர்வு (மேற்பரப்பு ஒளியைத் தெறிக்கும் விதம்), கடினத்தன்மை, பிளவு (சமதளங்களாக உடைதல்), முறிவு (தளமின்றி உடைதல்), தூளின் நிறம், சாரடர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), காந்தத்துக்கும் அமிலத்துக்கும் அது காட்டும் விளைவு ஆகியவற்றைச் சோதித்து, அது இன்னதென்று காரணத்தோடு எழுத வேண்டும். பெயரைச் சரியாக எழுதிவிட்டுக் காரணத்தைத் தவறாக எழுதுபவருக்குப் பாதிப் புள்ளிகூடக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எனவே கண்ணுக்கு அழகான கல் என்பதாலேயே அது நல்ல மாதிரி ஆகிவிடாது. புதிதாக உடைந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆணியால் கீறினால் வருந்தத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தை மட்டும் நம்பி வருபவரைத் தடுத்து நிறுத்தி, சோதனைக்கு அழைத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அலங்காரக் கற்களை விற்கும் பெட்டிகள் பலவற்றில் கற்களை இயந்திரத்தில் உருட்டிப் பளபளப்பாக்கியே வைத்திருப்பார்கள். அப்படி உருட்டப்பட்ட கல்லில் பிளவுத் தளமும் இயற்கையான மிளிர்வும் மறைந்துவிடுவதால், ஆய்வுகூடத்தில் அதனால் பயன் மிகக் குறைவு. இந்தப் பெட்டியில் உள்ளவை யாவும் உடைத்தெடுத்த முரட்டுத் துண்டுகள். அந்த முதற் தேர்விலேயே இது பல பெட்டிகளை முந்திவிடுகிறது.

மாதிரித் தெரிவில் எனக்கு மிகவும் நிறைவளித்தது ஹேமற்றைற். செம்மண் போன்ற சிவந்த துண்டை வைத்திருந்தால் எவரும் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள். இங்கே வைத்திருப்பது வெள்ளி போலப் பளபளக்கும் சாம்பல் நிறத் துண்டு. உலோக மிளிர்வைக் கண்ட மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கலீனா என்றோ மக்னற்றைற் என்றோதான் முதலில் சொல்கிறார்கள். பீங்கான் தட்டில் ஒரு முறை இழுத்தால் செம்பழுப்புக் கோடு விழுகிறது. கறுப்புத் தூள் தரும் மக்னற்றைற்றையும் ஈயச் சாம்பல் நிறத் தூள் தரும் கலீனாவையும் அந்த ஒரே கோடு விலக்கிவிடுகிறது. திரண்ட கல்லின் நிறம் ஒன்றாகவும் அதன் தூளின் நிறம் வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் துல்லியமாக உணர்த்தும் மாதிரி இல்லை. பெட்டியைத் தொகுத்தவர் ஆய்வுகூடத்தில் நின்று கற்பித்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்தத் துண்டைப் பார்த்தபோதுதான்.

அதே கவனம் குவார்ட்ஸ் தெரிவிலும் தெரிகிறது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு, புகை நிறம், ஊதா என்று நான்கு துண்டுகள் வெவ்வேறு எண்களோடு இருக்கின்றன. நான்கும் கண்ணாடித் தகட்டைக் கீறுகின்றன. நான்கும் பிளவு காட்டாமல், சிப்பியின் உட்புறம் போல வளைந்த முகங்களோடு முறிந்திருக்கின்றன. நான்கு எண்களுக்கும் ஒரே விடையை எழுத மாணவர்கள் தயங்குவது இயல்பே. அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதுதான் பாடம். ஊதா நிறத் துண்டுக்குப் பக்கத்து அறையிலேயே ஊதா நிற புளோரைற் வைக்கப்பட்டிருக்கிறது. நிறத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆனால் 1 (மிக மென்மை) முதல் 10 (மிகக் கடினம்) வரையான மோஸ் அளவையில் புளோரைற்றின் கடினத்தன்மை 4 மட்டுமே என்பதால் ஆணி அதைக் கீறிவிடும். கடினத்தன்மை 7 உடைய குவார்ட்ஸில் ஆணியால் எதுவும் செய்ய முடியாது. மேலும், புளோரைற் நான்கு திசைகளில் செவ்வையாகப் பிளப்பதால், துண்டின் மூலைகளில் முக்கோண முகங்கள் கைவில்லையில் தெளிவாகத் தெரிகின்றன.

பைறைற்றும் கல்கோபைறைற்றும் அருகருகே இருப்பதும் அவ்வாறே. இரண்டும் பித்தளை மஞ்சள். இரண்டின் தூளும் பச்சை கலந்த கறுப்பு. ஆகவே தூள் நிறம் இங்கே கைகொடுக்காது. பைறைற்றின் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரை, கல்கோபைறைற்றினுடையது 3.5 முதல் 4 வரை; எனவே ஆணி கல்கோபைறைற்றை மட்டுமே கீறும். ஒரே சோதனையை எல்லாக் கற்களுக்கும் பொதுவான திறவுகோலாகக் கொள்ள முடியாது என்பதை ஹேமற்றைற்றுக்கு அடுத்தபடியாக இந்த இரட்டை கற்பிக்கிறது.

பெல்ஸ்பார் மாதிரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் முதலாண்டு மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். பெல்ஸ்பாரின் இரு வகைகளான ஓர்த்தோகிளேஸும் பிளாஜியோகிளேஸும் கடினத்தன்மையில் ஏறத்தாழ 6. இரண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் இரு திசைகளில் பிளக்கும். சாரடர்த்தியிலும் கையால் உணரக்கூடிய வேறுபாடு இல்லை. ஓர்த்தோகிளேஸ் இளஞ்சிவப்பு, பிளாஜியோகிளேஸ் வெள்ளை அல்லது சாம்பல் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர், வெள்ளை ஓர்த்தோகிளேஸ் ஒன்றைக் கண்டதும் விழுந்துவிடுவார். நம்பத்தக்க அடையாளம், பிளாஜியோகிளேஸின் பிளவுத் தளமொன்றில் தெரியும் நுண்ணிய இணைகோடுகள்தாம். அவை இரட்டைப் படிகங்கள் மெல்லிய தகடுகளாக மீண்டும் மீண்டும் அடுக்கியிருப்பதால் உண்டாகின்றன. இந்தப் பெட்டியில் பிளாஜியோகிளேஸுக்காக வைத்திருக்கும் லாப்ரடோரைற் துண்டில், சன்னலோரம் கொண்டுபோய் மெல்லத் திருப்பினால், அந்தக் கோடுகள் வெளிச்சத்தில் எழுந்து வருகின்றன. நிலத்தடி அறைகளிலும் குழல்விளக்கின் கீழும் வகுப்பு நடத்துபவர்கள் ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துக் காட்டலாம்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, ஹோர்ன்பிளெண்டும் ஓஜைற்றும். இவை இரண்டும் கருமையானவை, கடினத்தன்மையிலும் நெருங்கியவை. இவற்றைப் பிரித்தறிய இருக்கும் சிறந்த வழி பிளவுக் கோணம்: ஹோர்ன்பிளெண்ட் 56 பாகையிலும் 124 பாகையிலும் பிளக்கும், ஓஜைற் ஏறத்தாழ 87 பாகையிலும் 93 பாகையிலும் பிளக்கும். அந்தக் கோணத்தைக் காட்ட வேண்டுமானால் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத தனிப் படிகமாவது துண்டில் இருக்க வேண்டும். இங்கே கொடுத்திருப்பவையோ சிறுமணிகள் திரண்ட கருங்கட்டிகள்; கைவில்லையால் பார்த்தாலும் கோணத்தை அளவிட இயலவில்லை. மாணவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் ஊகிக்கவே முடியும். சோதித்து விடை காண முடியாத மாதிரியைப் பயிற்சிப் பெட்டியில் வைப்பது நியாயமன்று என்று கருதுகிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. டொலமைற் என்று எண்ணிடப்பட்ட துண்டின் மேல், குளிர்ந்த நிலையில், நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டவுடனேயே அது நுரைத்துப் பொங்கியது. கல்சைற்தான் அப்படிப் பொங்கும். டொலமைற்றோ தூளாக்கினால் அல்லது அமிலத்தைச் சூடாக்கினால்தான் மெல்லக் குமிழியிடும். துண்டை வேறு இடத்தில் உடைத்து உட்புறத்தில் சோதித்தபோதும் அதே விளைவுதான். அது டொலமைற் அன்று, வெறும் பளிங்குக்கல் என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது. கல்சைற்றையும் டொலமைற்றையும் பிரித்தறியும் சோதனை முதலாண்டுத் தேர்வுகளில் தவறாமல் இடம்பெறுவது. அந்த இடத்தில் பெட்டியே தவறான விடையைக் கற்பித்தால், வீட்டில் தனியே பயில்பவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வாங்குபவர்கள் முதல் நாளே இந்த ஒரு துண்டையாவது சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. கல்சைற் துண்டு, மாறாக, மிகச் சிறப்பானது. ஒளி ஊடுருவும் சாய்சதுரப் பிளவுத் துண்டு; எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

கருவிகளில் பீங்கான் தட்டுகள் தரமானவை. வெள்ளைத் தட்டோடு கறுப்புத் தட்டும் கொடுத்திருப்பது, வெளிறிய தூள் தரும் கனிப்பொருட்களைச் சோதிக்கப் பேருதவி. தட்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை என்பதால், அதைவிடக் கடினமான கல்லை இழுத்தால் தட்டுத்தான் தேயும். அப்போது விழும் வெள்ளைத் தூள் தட்டினுடையதே, கல்லினுடையது அன்று. கோரண்டத்தின் தூள் வெள்ளை என்று எழுதும் மாணவர்களில் பலர் உண்மையில் பீங்கானின் நிறத்தையே எழுதுகிறார்கள். கையேடு இதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டின் ஓரங்களைத் தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள், கை வெட்டுப்படாது. தகட்டை உள்ளங்கையில் பிடிக்காமல் மேசையில் வைத்தே கீற வேண்டும் என்பதை மட்டும் மாணவர்களுக்கு வலியுறுத்த வேண்டும்.

உருக்கு ஆணிதான் ஏமாற்றம் தந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் அது விரைவில் துருவேறிவிட்டது. துருவேறிய ஆணியால் வெளிறிய கல்லைக் கீறினால் செம்பழுப்புத் தடம் ஒன்று கல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கல்லின் தூள் என்று நினைப்பவர் உண்டு. துரு இல்லாவிட்டாலும், ஆணியைவிடக் கடினமான கல்லில் ஆணியின் உலோகம் சாம்பல் கோடாகப் படிவது வழக்கம். விரலை ஈரப்படுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும்: அழிந்தால் உலோகப் படிவு, அழியாமல் பள்ளமாக நின்றால் உண்மையான கீறல். துருப்பிடிக்காத எஃகில் நல்ல கூர்முனை ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வது வீண்செலவாகாது.

ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஹேலைற்றை விட்டுவிட முடியாது. ஹேலைற் என்பது கறியுப்புத்தான். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் அது நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் சாரீரப்பதன் அந்த அளவைத் தொடுகிறது அல்லது கடக்கிறது. மற்றக் கற்களோடு ஒரே தட்டில் மூடியின்றி வைத்திருந்த ஹேலைற்றின் கூரிய சதுரமுகி மூலைகள் மழுங்கின. அடியிலிருந்த பஞ்சுத் தாள் உப்பு நீரில் ஊறியது. அருகிலிருந்த துண்டின் எண்ணும் கரைந்தது. வறண்ட நாடுகளில் விற்பதற்காகத் தயாரித்த பெட்டி என்பதால் இது நேர்கிறது எனலாம். ஆனால் இங்கே விற்பவர் காற்றுப்புகாத சிறு உறை ஒன்றில் அதை இட்டுத் தருவது பெரிய காரியமன்று. வாங்கியவுடன் ஹேலைற்றையும் பைறைற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்ட மூடிய போத்தல்களில் தனித்தனியே வைத்துவிடுங்கள். பைறைற்றும் ஈரத்தில் நாளடைவில் ஒட்சியேறி, அமிலம் கசிந்து, பக்கத்திலுள்ளவற்றையும் கெடுக்கக்கூடியது. ஹேலைற்றைச் சுவைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தையும், பலர் கைபட்ட மாதிரிகளைப் பொறுத்தவரை, கைவிட வேண்டும். அதே தட்டில் ஈயம் கொண்ட கலீனா இருக்கிறது. வகுப்பு முடிந்தவுடன் கைகழுவுவது கட்டாயம். பெட்டியில் கல்நார் வகை எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது பாராட்டத்தக்கது.

சாரடர்த்தியை அளக்க இந்தப் பெட்டியில் எந்த ஏற்பாடும் இல்லை. கையில் தூக்கிப் பார்த்துக் கனமா, இலேசா என்று சொல்ல வேண்டியதுதான். பாரைற் துண்டைத் தூக்கும்போது அந்த உணர்வே போதுமானது: வெள்ளை நிறம், உலோக மிளிர்வு இல்லை, ஆயினும் சாரடர்த்தி 4.5 என்பதால் அதே அளவான பெல்ஸ்பாரைவிட வெகுவாகக் கனக்கும். ஆனால் நுண்ணிய வேறுபாடுகளுக்குக் கை போதாது. சமையலறையில் பயன்படுத்தும் இலத்திரனியல் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குறையை எளிதில் தீர்த்துக்கொள்ளலாம். முதலில் உலர்ந்த கல்லை நிறுக்க வேண்டும். பின்பு பாதியளவு நீர் நிரப்பிய குவளையைத் தராசில் வைத்து, வாசிப்பைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாதபடி நீரில் முழுவதும் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், கல் இடம்பெயர்த்த நீரின் நிறை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் சாரடர்த்தி கிடைத்துவிடும். காற்றில் 53 கிராம் நிறுக்கும் துண்டு நீரில் 20 கிராம் காட்டினால் விடை 2.65, அது குவார்ட்ஸுக்கு உரிய எண். அதே 20 கிராம் காட்டும் துண்டு காற்றில் 90 கிராம் இருந்தால் 4.5, அது பாரைற்றுக்கு உரியது. இந்தப் பெட்டியின் மாதிரிகள் மூன்று நான்கு சென்ரிமீற்றர் அளவில் இருப்பதால் இம்முறை நன்றாகவே ஒத்துழைக்கிறது.

அமிலக் குப்பி வெறுமையாகத்தான் வருகிறது, அதுவே சரி. 10 சதவீதத்துக்கு மேற்படாத நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தை ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் பெறுவதே பாதுகாப்பு. செறிந்த அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் அமிலத்தை நீருக்குள் சிறிது சிறிதாக விட வேண்டுமேயன்றி, ஒருபோதும் நீரை அமிலத்துக்குள் விடக்கூடாது. வீட்டில் பயில்பவர் வினாகிரியைப் பயன்படுத்தலாம். கல்சைற்றைச் சுரண்டித் தூளாக்கி அதில் விட்டால் மெதுவாகக் குமிழிகள் எழுவதைக் கைவில்லையில் காணலாம்.

இனி, கையேடு. இந்தப் பெட்டியின் மிகப் பலவீனமான பகுதி இதுவே. முப்பது பக்கங்களில் முப்பது வண்ணப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர், இரசாயனச் சூத்திரம், பண்புகளின் பட்டியல், பயன்கள். படங்கள் தெளிவானவை, அதுதான் தொல்லை. மாணவர் கல்லைக் கையில் எடுத்ததும் கையேட்டைப் புரட்டிப் படத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார். பெட்டியிலுள்ள அதே துண்டுகளையே படம்பிடித்திருப்பதால் ஒப்பீடு எப்போதும் வெற்றியளிக்கிறது. தேர்வில் வேறொரு துண்டு வைக்கப்படும்போது அந்த வெற்றி முழுவதும் மறைந்துவிடும். மாதிரிகளைத் தெரிந்தெடுத்தவர் கொண்டிருந்த கற்பித்தல் நோக்கத்துக்கு நேர் எதிராகக் கையேட்டை எழுதியவர் நடந்திருக்கிறார்.

கையேடு எப்படி இருந்திருக்க வேண்டும்? உலோக மிளிர்வா, அலோக மிளிர்வா என்ற கேள்வியிலிருந்து அது தொடங்கியிருக்க வேண்டும். உலோக மிளிர்வு என்றால் நேரே தூள் நிறத்துக்குப் போக வேண்டும். அலோக மிளிர்வு என்றால் கண்ணாடியைக் கீறுகிறதா என்று பார்த்து, கீறுபவற்றையும் கீறாதவற்றையும் பிரித்து, அதன்பின் பிளவு உண்டா, எத்தனை திசைகளில், என்ன கோணத்தில் என்று கேட்க வேண்டும். அமிலமும் காந்தமும் இறுதியில் ஐயம் தீர்க்க வர வேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு பக்க அட்டவணை தயாரித்து, அதைத் தமிழிலும் எழுதிக் கொடுத்தபோது, உயர்தரம் வரை தமிழில் கற்றுவிட்டு ஆங்கில மொழிமூல வகுப்புக்கு வந்திருக்கும் மாணவர்கள் பெரிதும் பயன்பெற்றார்கள். அவர்களுக்குக் கல்லை வாசிப்பதில் தடையில்லை; தடை கையேட்டின் மொழியில் இருந்தது. இந்தப் பெட்டியை இறக்குமதி செய்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளையாவது உள்ளே வைப்பார்களானால், விற்பனை கூடும் என்பதைவிட, மாணவர்களுக்கு அது உண்மையான உதவியாக இருக்கும்.

பெட்டியில் இல்லாதவற்றைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் நாம் வாழும் நாடு கனிப்பொருள் வளத்தில் உலகறிந்த நாடு. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியனுக்கு முந்திய, மிகப் பழைய காலத்து உருமாறிய பாறைகளால் ஆனது. கார்னற், சிலிமனைற், பயோடைற் போன்றவை நம் மலைநாட்டுப் பாறைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. பெட்டியில் கார்னற் ஒன்று இருக்கிறது, சிலிமனைற் இல்லை. காரீயத் (கிராபைற்) துண்டு ஒன்று இருக்கிறது, ஆனால் அது மண் போன்ற மங்கலான வகை. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நாளங்களாகக் கிடைக்கும் காரீயம் பளபளக்கும் தகடுகளும் ஊசிகளுமாக இருக்கும்; அதில் காபன் 95 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். கையில் கறை ஒட்டும் மென்மை, உலோக மிளிர்வு, ஆயினும் 2.2 அளவிலான சாரடர்த்தி என்ற மூன்று பண்புகளும் ஒரே துண்டில் பிசகின்றித் தெரிய, நம் நாட்டுக் காரீயமே சிறந்த மாதிரி. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலும் அப்படித்தான். அதிலுள்ள இல்மனைற்றை வலுவான காந்தம் ஒன்று இழுத்துக்கொள்ளும். றூட்டைலும் சேர்க்கோனும் அசையாமல் கிடக்கும். தொழிற்சாலையில் பெரிய அளவில் செய்யப்படும் காந்தப் பிரிப்பை ஒரு கடதாசித் தாளின் மேல் மாணவருக்குக் காட்டிவிடலாம். 1971 இல் கண்டறியப்பட்ட எப்பாவல அப்பற்றைற் படிவிலிருந்து ஒரு பச்சைப் படிகம் கிடைத்தால், கடினத்தன்மை 5 க்கு அதுவே போதும். இவற்றைக் கரையிலோ சுரங்கத்திலோ தாமாகச் சென்று அள்ளிவரக் கூடாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் கனிப்பொருட்களுக்கு அனுமதிப்பத்திர முறையை வகுத்திருக்கிறது. கல்வி நிறுவனத்தின் வழியாகக் கேட்டுப் பெறுவதே முறை.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளர் என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. பலாங்கொடைப் பகுதிச் சரளைகளில் கிடைத்த, சாரடர்த்தி 9 ஐத் தாண்டும் கருஞ்சதுரமுகிப் படிகங்கள் தோரியனைற் என்று 1904 இல் பெயர்பெற்றது அவருடைய காலத்தில்தான். கையில் எடுத்தவுடன் எதிர்பாராத கனம் தெரியும் கல்லை எளிதில் கீழே வைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சிங்களைற்றின் கதையும் அவ்வாறானது. பழுப்பு நிற ஒலிவைன் என்றே நெடுங்காலம் இரத்தினக்கல் வணிகத்தில் கைமாறிய அது, தனிக் கனிப்பொருள் என்று 1952 இல்தான் நிறுவப்பட்டது. ஒலிவைனைவிட அதன் சாரடர்த்தி சற்றே கூடியது. நிறத்தை நம்பியதால் நேர்ந்த மயக்கத்தை அளவீடு தீர்த்துவைத்தது.

கோரண்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டியில் உள்ளது ஒளிபுகாத, சிவந்த, அறுகோணத் துண்டு. குவார்ட்ஸையும் கீறிவிடுவதால் மாணவர்களுக்கு இதன் மேல் தனி விருப்பம். நீலக்கல்லும் மாணிக்கமும் இதே கனிப்பொருளின் வகைகள் என்று அறிந்தவுடன், வீட்டிலுள்ள மோதிரக் கல்லையும் சோதித்துப் பார்க்கும் ஆவல் சிலருக்கு எழுகிறது. பட்டைதீட்டிய கல்லில் கீறல் சோதனை ஒருபோதும் கூடாது. செட்டியார் தெரு நகைக்கடைகளில் கல்லைப் பார்ப்பவர்கள் கைவில்லையையும் ஒளிமுறிவுக் கருவியையும்தான் நாடுகிறார்கள். மீட்டியாகொடச் சந்திரகாந்தக் கல் பெல்ஸ்பார் வகையைச் சேர்ந்தது. கடினத்தன்மை 6 மட்டுமே என்பதால் சாதாரண மணற்துகளே அதில் கோடு போட்டுவிடும்.

தனியே பாராட்ட வேண்டிய மாதிரி இன்னும் ஒன்று உண்டு: கயனைற். நீலத் தகடு போன்ற இதன் படிகத்தை நீளவாட்டில் ஆணி கீறும். குறுக்கே இழுத்தால் ஆணி வழுக்கிச் செல்லும். நீளத் திசையில் 4.5 முதல் 5.5 வரையும், குறுக்குத் திசையில் 6.5 முதல் 7 வரையும் இதன் கடினத்தன்மை மாறுபடுகிறது. மோஸ் 1812 இல் வகுத்த அளவை ஒப்பீட்டுக்குரியதே. கனிப்பொருளின் உள்ளமைப்பு திசைக்குத் திசை வேறுபட்டால் அந்த எண்ணும் வேறுபடும் என்பதை மாணவர் தம் கையாலேயே உணர்ந்துகொள்கிறார்.

கடையின் சேவையைப் பற்றிச் சில சொற்கள். டொலமைற் பற்றிய முறைப்பாட்டோடு போனபோது, கடைக்காரர் முதலில், "ஐயா, பெட்டியைப் பிரித்தால் மாற்றித் தர முடியாது, கம்பனி வைத்த எண்தானே" என்றார். துண்டின் மேல் ஒரு துளி அமிலம் விட்டு, அது பொங்குவதைக் காட்டி, டொலமைற் அப்படிப் பொங்காது என்று விளக்கியதும், விவாதத்தைத் தொடராமல் உட்பக்க அலுமாரியைத் திறந்து தனித் துண்டுகள் அடுக்கியிருந்த தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து தூளாக்கினால் மட்டும் குமிழியிடும் துண்டொன்றைத் தெரிந்தெடுக்க விட்டார். மேலதிகமாகப் பணம் வாங்கவில்லை. அவர் தனித் துண்டுகளையும் விற்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. முழுப் பெட்டி வாங்க வசதியில்லாத மாணவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, குவார்ட்ஸ், இரு பெல்ஸ்பார்கள், கல்சைற், புளோரைற், ஹேமற்றைற், பைறைற், இரு மைக்காக்கள் ஆகியவற்றோடு ஒரு பீங்கான் தட்டையும் அங்கே தனித்தனியே வாங்கினால், செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். ஹோர்ன்பிளெண்ட் வேண்டுபவர்கள் கைவில்லையைக் கூடவே கொண்டுசெல்ல வேண்டும். தட்டில் கிடக்கும் பத்துப் பதினைந்து துண்டுகளில் நீண்ட படிக முகம் உள்ளது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கடைவாசல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்து, இரு பிளவுத் தளங்கள் சாய்ந்து சந்திக்கும் கோணம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் காசு கொடுங்கள்.